மூன்று சக்கரச் சிறுதேர்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பத்துப்பாட்டில் இரண்டு பாட்டுகளைப் பாடியவர். இரண்டிலும் பிள்ளைகளின் சிறுதேர் வருகிறது. பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றத்தில் காயப்போட்ட தானியத்தைக் கோழி கொத்த வருகிறது. பெண்கள் காதுக் குழையைக் கழற்றி எறிந்து விரட்டுகிறார்கள். அந்தக் குழை, பொற்சிலம்பு அணிந்த பிள்ளைகள் உருட்டிவரும் மூன்று சக்கரத் தேரின் வழியை மறிக்கிறது. ஊரின் செல்வத்தைக் காட்டப் பாடிய இடம் இது. பேசுகிறவர்கள் பெரும்பாலும் குழையைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் தச்சர் வீட்டில் பிறந்தவள். என் கண் அந்த மூன்று சக்கரத்தில்தான் நிற்கிறது.

குடமுருட்டிக் கரையில் எங்கள் ஊர். அப்பா ஏர், கதவு, நிலை, கட்டில் எல்லாம் செய்வார். இடையிடையே நடைவண்டியும் செய்வார். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குக் கட்டை. நான்காவது சக்கரம் ஏன் வைக்கவில்லை என்று சிறுமியாக இருந்தபோது அவரிடம் கேட்டிருக்கிறேன். நான்கு சக்கரம் வைத்தால் மேடு பள்ளமான மண்தரையில் ஏதாவது ஒன்று அந்தரத்தில் நிற்கும், வண்டி ஆடும், பிள்ளை பயப்படும் என்றார். மூன்று வைத்தால் எந்தத் தரையிலும் மூன்றும் ஊன்றி நிற்கும். சங்ககாலத்து முற்றமும் மண்தரையாகத்தான் இருந்திருக்கும். அன்றைய தச்சரும் இதே கணக்கைத்தான் போட்டிருப்பார் என்று நான் நம்புகிறேன்.

மற்றொரு பாட்டு பெரும்பாணாற்றுப்படை. அதில் வரும் தேர் உழவர் வீட்டில் இருக்கிறது. ஏறிப் போக முடியாத அந்தச் சிறுதேரைத் தச்சர் வீட்டுப் பிள்ளைகளே ஆசைப்படும்படி செய்திருந்தார்களாம். எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு நிறைகிற இடம் இது. பட்டறையிலேயே வளர்ந்தவள் நான். வண்ணம் பூசிக் காயவைத்த வண்டி அடுத்த தெருவுக்குப் போகும்போது தூண் மறைவில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த ஏக்கம் ஒரு புலவருக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்து அவர் சொல்வதுதான், பிள்ளை வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது. தளர்நடை நடக்கும் பிள்ளை அந்தத் தேரை உருட்டுகிறது, உருட்டிக் களைக்கிறது, செவிலியிடம் பால் குடிக்கிறது, படுக்கையில் தூங்கிப்போகிறது. ஒரு வயதுப் பிள்ளையின் ஒரு பகல் பொழுது முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது. உடம்பை வருத்தி ஒன்றைத் தள்ளுவது, அலுத்ததும் ஓடி ஒண்ட ஒரு மடி, பிறகு பசியாறித் தூக்கம். நான் அங்கன்வாடியில் வேலை பார்த்த காலம் முழுவதும் தாய்மார்களுக்குச் சொல்லிவந்ததும் ஏறக்குறைய இதுதான்.

குறுந்தொகையின் 61ஆம் பாட்டிலும் தச்சன் செய்த சிறுதேர் உண்டு. தும்பிசேர் கீரனார் பாடியது. ஏறிப் போகாவிட்டாலும் கையால் இழுத்தே மகிழும் பிள்ளைகளை அவர் உவமையாகச் சொல்கிறார். பிற்காலத்தில் பிள்ளைத்தமிழ் தனி இலக்கியமாக வளர்ந்தபோது, ஆண்பாலுக்குரிய பத்துப் பருவங்களில் கடைசியாகச் சிறுதேர் அமைந்தது. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ்தான் இவ்வகையில் நமக்குக் கிடைத்த முதல் நூல். செங்கீரைப் பருவத்தில் குழந்தை ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, இரு கைகளையும் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடும், சப்பாணியில் கைகொட்டும், வருகையில் தளர்நடையிட்டு வரும். பாடியவர்கள் பாட்டுடைத் தலைவனைத் தெய்வமாகவும் அரசனாகவும் உயர்த்தினார்கள். ஆனால் தரையில் கிடக்கும் குழந்தையைக் குனிந்து பார்க்காமல் இவற்றை எழுதியிருக்க முடியாது.

நம் காலத்தில் உலக சுகாதார நிறுவனமும் அப்படித்தான் பார்த்தது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் ஓர் அளவை வெளியிட்டது. அதன்படி நலமான குழந்தை பிடிமானம் இல்லாமல் நடக்கத் தொடங்குவது 8.2 மாதத்திலும் இருக்கலாம், 17.6 மாதத்திலும் இருக்கலாம். ஒன்பது மாதத்துக்கும் மேலான இடைவெளி! சில குழந்தைகள் தவழாமலே நடந்துவிடுவதையும் அந்த ஆய்வு பதிவு செய்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை நடந்துவிட்டதே என்று கண் கலங்கி வரும் பெண்களிடம் இந்தக் கணக்கைச் சொல்வேன். பாதிப் பேர் முகம் அங்கேயே தெளிந்துவிடும்.

அந்தக் கலக்கம்தான் பல வீடுகளுக்கு வாக்கரை வாங்கி வரச் செய்கிறது. நடுவில் துணி இருக்கை, சுற்றிலும் பிளாஸ்டிக் வளையம், அடியில் சக்கரங்கள். இன்னும் எழுந்து நிற்காத பிள்ளையையும் அதில் உட்காரவைத்துவிடலாம். பிள்ளை கால் நுனியால் தரையை உந்துகிறது. உடம்பின் பாரத்தை இருக்கை தாங்கிக்கொள்கிறது. தன் பாதம் என்ன செய்கிறது என்பதை அது பார்க்கக்கூட முடியாது. நடை இதனால் விரைவாக வருவதில்லை. வேகமாக உருண்டு படியில் கவிழ்ந்து தலையில் அடிபடும் ஆபத்து வேறு. கனடா 2004இல் இதன் விற்பனையையே தடை செய்தது. நம் கடைகளில் இன்னும் தொங்குகிறது. பார்க்கும்போதெல்லாம் வயிறு பிசைகிறது.

நடைவண்டி கேட்டு யார் வந்தாலும் அப்பாவின் முதல் கேள்வி ஒன்றுதான்: "பிள்ளை புடிச்சிக்கிட்டு நிக்குதா?" இல்லை என்றால், "நின்னதும் சொல்லி அனுப்புங்க, வந்து ஒசரம் பாத்துக்கிறேன்" என்று திருப்பி அனுப்பிவிடுவார். சுவரையோ திண்ணையையோ பிடித்து நிற்கும் பிள்ளையின் நெஞ்சு உயரத்துக்குக் குறுக்குக் கட்டை வர வேண்டும் என்பது அவர் அளவு. நிற்காத பிள்ளைக்கு அந்த அளவை எடுக்கவே முடியாது. தாமதமாக நின்ற பிள்ளைக்குத் தாமதமாக வண்டி போகும். ஊரில் யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. மரத்தையும் அவர் இழைத்து இலேசாக்க மாட்டார். பூவரசின் கனம் இருந்தால்தான் பிள்ளை தள்ளும்போது வண்டி முந்திக்கொண்டு ஓடாது.

வீடுகளுக்குச் சிமெண்டுத் தரை வரத் தொடங்கியதும் பழைய வண்டிகள் வழுக்கின. அப்பா சைக்கிள் டியூபைப் பட்டையாக அறுத்து மூன்று சக்கரத்திலும் இறுக்கிச் சுற்றினார், கடையாணிக்குச் சற்றுப் பெரிய தலை வைத்தார். அதன்பின் எங்கள் ஊரில் நடைவண்டி வாங்க வருகிறவர்களிடம் அவர் இரண்டாவதாகக் கேட்டது, வீட்டுத் தரை மண்ணா சிமெண்டா என்பதுதான்.