பழுது தீரும்வரை வாரண்டி: ஒரு சட்டம் பிறந்த கதை

வாரண்டிக்குள் வாஷிங் மெஷின் பழுதாகிறது. சர்வீஸ் சென்டரில் சரிசெய்து தருகிறார்கள். வாரண்டி முடிந்த மறுவாரமே அதே கோளாறு திரும்ப வருகிறது. ‘தேதி முடிந்துவிட்டது, இனி உங்கள் செலவு’ என்கிறார்கள். இந்த அநியாயத்தைச் சட்டத்தால் தடுக்க முன்வந்த இடங்களில் ஒன்று அமெரிக்காவின் கலிபோர்னியா.

1960-களில் அங்கே கார், டிவி, ஃபிரிட்ஜ் பெருகின; புகார்களும் பெருகின. விற்கும் பொருள் அதற்குரிய வேலையைச் செய்ய வேண்டும் என்ற உத்தரவாதம், எழுதித் தராவிட்டாலும், வணிகச் சட்டத்தில் இருந்தது. ஆனால் ‘அது எங்களைக் கட்டுப்படுத்தாது’ என்று எழுதி விலகிக்கொள்ளவும் சட்டம் இடம் கொடுத்தது. வாரண்டி அட்டையின் பொடி எழுத்துகளில் இந்த விலகலும் ஒளிந்திருக்கும். வாங்கியவரின் கேடயம் என்று நீட்டப்பட்ட அட்டை விற்றவரைக் காத்தது.

இதை மாற்ற முனைந்தவர் செனட்டர் ஆல்ஃபிரட் சாங். ஹவாய்த் தோட்டங்களில் உழைத்த கொரியப் பெற்றோரின் மகன், வழக்கறிஞர். அவர் பெயரும் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ராபர்ட் பெவர்லியின் பெயரும் தாங்கி 1970-இல் ‘சாங்-பெவர்லி நுகர்வோர் வாரண்டிச் சட்டம்’ பிறந்தது. அமெரிக்கா முழுமைக்குமான மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டம் வந்தது 1975-இல்தான்.

எழுத்தில் வாரண்டி தருகிறவர் எழுதாத உத்தரவாதத்திலிருந்து நழுவ முடியாது என்றது சாங்-பெவர்லி. நியாயமான தடவைகள் முயன்றும் சரிசெய்ய முடியாவிட்டால் உற்பத்தியாளர் வேறு பொருள் தர வேண்டும், அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும். எத்தனை தடவை என்ற கேள்விக்குப் புதிய கார்கள் விஷயத்தில் 1982-இன் டேனர் சட்டம் அளவுகோல் தந்தது: ஒரே கோளாறுக்கு 4 முயற்சி, அல்லது ரிப்பேரில் மொத்தம் 30 நாட்களுக்கு மேல்.

சாங்-பெவர்லிச் சட்டத்தின் உயிர்நாடி வேறொரு பிரிவில் இருக்கிறது. 50 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள பொருள் ரிப்பேருக்குப் போன நாட்கள் வாரண்டிக் கணக்கில் சேராது. ரிப்பேர் செய்தும் அதே குறை நீடித்து, வாங்கியவர் ரிப்பேர் முடிந்த 60 நாட்களுக்குள் தெரிவித்துவிட்டால், தேதி தாண்டினாலும் அந்த வாரண்டி காலாவதி ஆகாது. அரைகுறையாகச் சரிசெய்து நாளைக் கடத்துகிறவருக்கு அதனால் லாபமில்லை.

சட்டப் புத்தகத்தில் மட்டும் இருக்கும் உரிமை, கவுன்டரில் நிற்பவருக்கு உதவாது. அதனால்தான், வாரண்டி ரிப்பேர் பில்லிலேயே இந்த உரிமையைத் தடித்த எழுத்தில் அச்சிட வேண்டும் என்றும் சட்டம் கட்டளையிட்டது. நுகர்வோர் சட்டம் எழுதும் ஒவ்வோர் அரசும் பின்பற்ற வேண்டிய கட்டளை இது.