நாற்றம் தந்த காவல்

அமெரிக்க இல்லங்களின் பின்முற்றங்களில், இறைச்சி வாட்டும் எரிவாயு அடுப்பு 1960களில் பரவத் தொடங்கியது. அக்காலத்து அடுப்பொன்றை வீட்டிலேயே புதுப்பிப்போர் துருவைச் சுரண்டுவர். குழாயில் சிலந்தி கட்டிய கூட்டை அகற்றுவர். இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி எழுகிறதா என நோக்குவர். கசிவை அறிய மூக்கும் அவர்களுக்குத் துணை.

ஆனால் இயற்கை எரிவாயுவுக்கு இயல்பில் மணமே இல்லை. 1937 மார்ச் 18 அன்று, டெக்சாஸ் மாநிலத்து நியூ லண்டன் பள்ளியில், தளத்தின் அடியில் கசிந்து தேங்கிய வாயுவை எவரும் உணரவில்லை. பட்டறை இயந்திரத்தில் எழுந்த ஒரு பொறி ஏறத்தாழ 300 உயிர்களைக் குடித்தது, பெரும்பாலோர் மாணவர். வாயுவில் நாற்றப் பொருள் கலக்க வேண்டும் என்ற சட்டம் அவ்வாண்டே அம்மாநிலத்தில் பிறந்தது.

மாணவ நண்பர்களே, பழைய அடுப்பை மீண்டும் ஏற்றுவோரை எச்சரிக்கும் அந்நாற்றம், உங்கள் வயதினரின் உயிரை விலையாகக் கொண்டு வந்த காவல்.