திண்டுக்கல் 1973: வணக்கம் சொன்ன முகம்

1973 மே மாதம். திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல். கட்சி தொடங்கி ஏழே மாதமான எம்.ஜி.ஆருக்கு அதுதான் முதல் சோதனை. இரட்டை இலை முதன்முதலாக நம் ஊர்ச் சுவர்களில்தான் ஏறியது. வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்பு 'உலகம் சுற்றும் வாலிபன்' வேறு வெளியாகியிருந்தது. வேட்பாளர் வழக்கறிஞர் மாயத்தேவர். சனம் பார்க்கக் கூடியதோ வேறொரு முகத்தை. அ.தி.மு.க. வென்றது. ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாமிடம்.

நம் சேரிகளும் அந்த முகத்தை நேசித்தன. அதைக் கேலி செய்கிற தோழர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1956இல் 'மதுரை வீரன்' படத்தில் அவர் நம் குலசாமியாகவே வந்தவர். சக்கிலியர் வீட்டில் வளர்ந்து, மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட வீரன். ஆனால் படத்திலும் அவன் பிறப்பால் அரசன் மகன்தான். வளர்க்க மட்டும் நாம். அந்த இடத்தில் யாருக்காவது உறுத்தியதா?

தோல் ஷாப்பில் காலம் முழுக்க உழைத்த ஒரு பெரியவருக்கு உறுத்தியிருக்கிறது. அந்தத் தேர்தலில் தான் மயங்கவில்லை என்று என்னிடம் சொன்னார். ஏன் என்றேன். "நம்ம தெருவுல குனிஞ்சு வணக்கம் சொன்னவங்க எல்லாரும் ஓட்டு முடிஞ்சதும் நிமிந்துட்டாங்கம்மா. நான் பாத்திருக்கேன்." இனிக்க இனிக்கப் பேசி முன்பணம் கொடுத்த முதலாளியிடம் சிக்கி, வருசக்கணக்கில் மீளாதவர் அவர். இதை வெறும் உள்ளுணர்வு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. பட்டவர்களின் நினைவு அது.

உள்ளுணர்வு மட்டும் சாட்சியாகாது, சரி. நடந்ததைப் பார்ப்போம். எம்.ஜி.ஆர். 1977இல் முதல்வரானார். மறு ஆண்டே, 1978 ஜூலையில், விழுப்புரத்தில் தலித்துகள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். 1980க்குப் பின் வட ஆற்காடு, தருமபுரி மாவட்டங்களில் நக்சல்பாரிகள் என்று சொல்லப்பட்ட இளைஞர்கள் போலீஸ் 'மோதல்'களில் செத்தார்கள். விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கும் குண்டர் சட்டம் வந்தது 1982இல். திரையில் போலீஸ் அடியிலிருந்து ஏழையைக் காப்பாற்றியவரின் ஆட்சி இது! எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எழுதிய 'தி இமேஜ் ட்ராப்' இந்த முரணைத்தான் கேள்வி கேட்கிறது. மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டிய நூல்.

அம்பேத்கர் இதை முன்பே எச்சரித்திருந்தார். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசியபோது, மதத்தில் பக்தி விடுதலைக்கு வழியாகலாம், அரசியலில் அது சர்வாதிகாரத்துக்கே கொண்டுபோகும் என்றார். காந்தியின் புகழுக்கு முன்னால் பல ஆண்டுகள் தனியாக நின்று, வசவு வாங்கி, அனுபவித்துச் சொன்ன சொல் அது.

இப்போதும் நம் கூட்டங்களுக்குச் சிரித்த முகத்தோடு தலைவர்கள் வருகிறார்கள், நம் ஆட்கள் உட்பட. தோளில் கை போடுகிறார்கள், செல்ஃபி எடுக்கிறார்கள். பஞ்சமி நிலத்தைப் பற்றியோ, பதிவாகாத வன்கொடுமை வழக்கைப் பற்றியோ ஒரு கேள்வி கேட்டுவிட்டு அந்த முகத்தைக் கவனியுங்கள்.

அந்தப் பெரியவர் வீட்டுச் சுவரில் எம்.ஜி.ஆர். படம் இருக்கிறது. மாட்டியது அவர் மனைவி. 1982இல் வந்த சத்துணவில்தான் பிள்ளைகள் மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டார்கள் என்கிறார் அந்த அம்மா. இருவரும் இன்னும் அதைச் சொல்லிச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.