சென்னையில் விமானம் மாற இரண்டு மணி நேரம் போதுமா?

கோலாலம்பூரிலிருந்து சென்னை, அங்கிருந்து மதுரை அல்லது தூத்துக்குடி. இரண்டு விமானங்களுக்கும் நடுவே இரண்டு மணி பத்து நிமிடம். விலையும் மலிவு. அதற்கடுத்த உள்நாட்டு விமானமோ மாலையில்தான். கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் வட்டாரங்களிலிருந்து தமிழ்நாட்டுக்குப் புறப்படும் குடும்பங்கள் டிக்கெட் எடுக்கும்போது அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. எடுக்கலாமா, வேண்டாமா?

சுற்றுலாவுக்குப் போகிறவர் ஒரு விமானத்தைத் தவறவிட்டால் கொஞ்சம் பணமும் அரை நாளும் போகும். நம்மவர்களில் பலர் போவது அதற்காக அல்ல. சித்தப்பா மகன் திருமணம், குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகம், பதினாறாம் நாள் காரியம் என்று நாள் குறித்துவிட்ட நிகழ்வுக்காகப் போகிறார்கள். முகூர்த்தம் அடுத்த விமானத்திற்காகக் காத்திருக்காது.

முந்திய தலைமுறைக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. எம்.வி. சிதம்பரம் போன்ற கப்பலில் ஏறியவர்கள் ஊரில் இறங்கும்வரை அதே கப்பலில்தான் இருந்தார்கள். 1985-இல் அக்கப்பலில் நேர்ந்த தீ விபத்தோடு அந்தச் சேவை முடிவுக்கு வந்தது. அதன்பின் எல்லாரும் விமானத்திற்கு மாறினார்கள்.

ஒரு சீட்டா, இரண்டு சீட்டா?

இடைவெளி எத்தனை மணி நேரம் என்று கேட்பதற்கு முன், இரண்டு விமானங்களும் ஒரே முன்பதிவு எண்ணில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். பயணத்தின் ஆபத்தை முதலில் தீர்மானிப்பது அதுதான்.

ஒரே எண்ணில் இருந்தால், கோலாலம்பூரிலிருந்து புறப்பட்ட விமானம் தாமதமாகிச் சென்னையில் இணைப்பு விமானம் தவறிப்போனாலும், அடுத்த விமானத்தில் இடம் கொடுப்பது சீட்டை விற்ற நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக வாங்கிய சீட்டுகளில் அந்தப் பொறுப்பு யாருக்கும் இல்லை. முதல் நிறுவனம், ‘உங்களைச் சென்னையில் சேர்த்துவிட்டோம்’ என்று சொல்லும். இரண்டாவது நிறுவனம், ‘நீங்கள் நேரத்திற்கு வரவில்லை’ என்று சொல்லும். இரண்டுமே உண்மை. புதுச் சீட்டுக்கான பணம் பயணியின் பையிலிருந்து போகும், அதுவும் அன்றைய கடைசி நேர விலையில்.

சில இணையத்தளங்கள் இரண்டு தனிச் சீட்டுகளை ஒரே திரையில், ஒரே விலையாகக் காட்டுகின்றன. பணமும் ஒரே தடவையில் கட்டிவிடலாம். ஆனால் உறுதிக் கடிதம் வரும்போது இரண்டு முன்பதிவு எண்கள் இருக்கும். ‘பயணி தாமே மாறிக்கொள்ள வேண்டும்’ என்ற வரி எங்கேயாவது சிறிய எழுத்தில் இருக்கும். ஏஜெண்டிடம் எடுப்பவர்கள் நேரடியாகவே கேட்டுவிடலாம்: “இது ஒரே பி.என்.ஆர். எண்ணா?” மலிவு விலை விமானத்தில் சென்னைக்குப் போய், வேறு நிறுவனத்தின் உள்நாட்டு விமானத்தில் ஏறுவதென்றால் பெரும்பாலும் அது இரண்டு சீட்டுதான். முன்பு ஏர் ஆசியாவுக்கு இந்தியாவில் உள்நாட்டுக் கிளை இருந்தது. அது கைமாறி, 2024 அக்டோபரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸுடன் இணைந்துவிட்டது.

ஒவ்வொரு விமான நிலையத்திற்கும் ‘குறைந்தபட்ச இணைப்பு நேரம்’ என்று ஓர் அளவு உண்டு. ஒரே சீட்டாக விற்கும்போது, அதற்குக் குறைவான இடைவெளியை முன்பதிவு முறை ஏற்காது. எல்லாம் நேரப்படி நடந்தால் மாறிவிடலாம் என்பதே அந்த அளவின் பொருள். அதற்கு மேல் அது எந்த உத்தரவாதமும் தருவதில்லை. தனிச் சீட்டுகளுக்கு இந்தக் காவல்கூட கிடையாது. நாற்பது நிமிட இடைவெளியில் இரண்டு சீட்டு வாங்கினாலும் யாரும் தடுக்கப் போவதில்லை.

சென்னையில் என்ன நடக்கிறது?

வெளிநாட்டிலிருந்து வந்து உள்நாட்டு விமானம் ஏறுபவர், பொதுவாக இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடிநுழைவையும் சுங்கத்தையும் முடிக்க வேண்டும். ஒரே சீட்டாக இருந்தாலும் பெட்டியை மீனம்பாக்கத்தில் எடுத்து, சுங்கத்தைத் தாண்டி, மறுபடியும் ஒப்படைக்க வேண்டியிருக்கும். புறப்படும் இடத்திலேயே கவுண்டரில் இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

எடுத்துக்காட்டாக, புக்கிட் ரோத்தானிலிருந்து ஒரு குடும்பம் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு பெரியவர்கள், ஒரு குழந்தை, ஐந்து பெட்டிகள். விமானம் காலை 10.30-க்குத் தரை தொடுகிறது. கதவு திறந்து, இறங்கி, நடந்து குடிநுழைவு வரிசைக்கு வர 25 நிமிடம். வரிசையில் 45 நிமிடம். அதே நேரத்தில் வளைகுடா விமானம் ஒன்றும் இறங்கியிருந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். ஐந்து பெட்டிகளும் வந்துசேர 20 நிமிடம், சுங்கம் 15 நிமிடம். உள்நாட்டு முனையத்திற்கு நடந்து, வாசலில் சீட்டையும் கடப்பிதழையும் காட்டி உள்ளே நுழைய 20 நிமிடம். இதற்குள் மணி 12.35 ஆகிவிட்டது. உள்நாட்டு விமானங்களுக்குக் கவுண்டரை மூடுவது பொதுவாகப் புறப்பாட்டிற்கு 45 முதல் 60 நிமிடம் முன்பு. ஆக, இந்தக் குடும்பம் நிம்மதியாகப் பிடிக்கக்கூடிய விமானம் 1.35-க்குப் பிறகுதான் இருக்க முடியும். இரண்டு மணி பத்து நிமிட இடைவெளி என்றால் அவர்களுடைய விமானம் 12.40-க்குப் புறப்பட்டுவிடும்.

இத்தனைக்கும் முதல் விமானம் ஒரு நிமிடம்கூடத் தாமதமாகவில்லை என்று வைத்துத்தான் இந்தக் கணக்கு. எனவே தனிச் சீட்டுகளுடன், பெட்டி ஒப்படைத்துப் பயணம் செய்யும் குடும்பம் சென்னையில் நான்கு மணி நேரம் வைத்துக்கொள்வது அதிகமல்ல. ஒரே சீட்டில் மூன்று மணி நேரம் போதும். தனி ஆளாக, கைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, இணையத்திலேயே செக்-இன் முடித்துவிட்ட இளைஞருக்கு இரண்டரை மணி நேரத்திலும் முடியலாம். பெட்டி இல்லாதவருக்குப் பெட்டி மேடையும் இல்லை, கவுண்டரும் இல்லை.

சென்னையில் உள்நாட்டு விமானங்கள் எல்லாம் ஒரே முனையத்திலிருந்து புறப்படுவதில்லை. எந்த முனையம் என்று சீட்டிலேயே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். நகை அதிகமாக அணிந்து போனால் சுங்கத்தில் கேள்வி வரலாம், அதற்கும் நேரம் தேவை. பாட்டிக்குச் சக்கர நாற்காலி கேட்டிருந்தால் விமானத்திலிருந்து கடைசியாகத்தான் இறக்குவார்கள். ஆனால் குடிநுழைவில் பெரும்பாலும் தனி வழியாக விரைவாக அழைத்துப் போவார்கள். போகும் நேரமும் கிடைக்கும் நேரமும் ஏறக்குறைய சமம். சீட்டு எடுக்கும்போதே அதைப் பதிவு செய்துவிட வேண்டும்.

அடுத்த விமானம் எப்போது?

இடைவெளியைப் போலவே முக்கியமானது, தவறினால் அடுத்தது எப்போது என்பது. அன்று மாலை இன்னும் இரண்டு விமானங்கள் இருந்தால் குறுகிய இடைவெளியைக்கூட ஏற்கலாம். பிடிக்கப் போவதே அன்றைய கடைசி விமானம் என்றால் மூன்று மணி நேர இடைவெளியும் ஆபத்துதான்.

மாதத்தையும் பார்க்க வேண்டும். சென்னைக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் பல நாட்கள் மூடப்பட்டது. 2023 டிசம்பர் 4-இல் மிச்சாங் புயல், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் என்று மீண்டும் மூட வேண்டி வந்தது. பொங்கலுக்குப் போகிறவர்கள் போகிப் புகையையும் நினைவில் வைக்கலாம். 2018 ஜனவரி 13 காலையில் பனியும் புகையும் சேர்ந்து ஓடுபாதை தெரியாமல் பல விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன.

நம் பக்கத்திலும் தாமதம் தொடங்கலாம். 2019 ஆகஸ்டில் கேஎல்ஐஏ-வின் கணினிக் கட்டமைப்பு பழுதாகிச் சில நாட்கள் செக்-இன் கையால் நடந்தது. வழக்கமான நாட்களிலும், பிற்பகல் இடிமின்னலின்போது தரைப் பணியாளர்கள் வேலையை நிறுத்திவிடுவார்கள். அந்த நேரத்தில் பெட்டி ஏறாது, விமானமும் நகராது. காலை விமானங்கள் இந்த வகையில் கொஞ்சம் நம்பகமானவை.

விமானம் மாறத்தான் வேண்டுமா?

பலருக்கு மாறவே தேவையில்லை. தஞ்சாவூர், புதுக்கோட்டை, காரைக்குடி, நாமக்கல் பக்கம் சொந்த ஊர் என்றால் திருச்சிக்கு நேரடி விமானம் இருக்கிறது. அங்கே 2024 ஜூன் மாதம் முதல் புதிய முனையம் இயங்குகிறது. திருச்சியிலிருந்து மதுரைக்கே சுமார் 135 கிலோமீட்டர்தான், காரில் இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். சென்னையில் நான்கு மணி நேரம் காத்திருந்து மதுரைக்குப் பறப்பதை விட இது பெரும்பாலும் சீக்கிரம்.

மதுரைக்கு இன்னொரு வழி கொழும்பு. ஒரே சீட்டாக எடுத்தால் பெட்டி நேராக மதுரைக்குப் போய்விடும். கட்டுநாயக்காவில் இலங்கைக்குள் நுழைய வேண்டியதில்லை. பாதுகாப்புச் சோதனை முடித்து அடுத்த வாயிலுக்கு நடந்தால் போதும். இந்தியக் குடிநுழைவும் சுங்கமும் மதுரையில்தான். அதனால் கொழும்பில் இரண்டு மணி நேரம் என்பது வசதியான இடைவெளி. சீட்டில் இரண்டும் ஒரே எண்ணாகத் தெரியும். ஆனால் சென்னையின் இரண்டு மணி நேரமும் கொழும்பின் இரண்டு மணி நேரமும் ஒன்றல்ல.

கேஎல்ஐஏ-வில் முனையம் மாறுபவர்கள்

சபா, சரவாக்கில் படிக்கும் அல்லது வேலை செய்யும் பிள்ளைகள் இந்தியாவுக்குப் போகும்போது கேஎல்ஐஏ-விலேயே மாறுவார்கள். ஏர் ஆசியா இரண்டாம் முனையம், மலேசியா ஏர்லைன்ஸ் முதல் முனையம். இடையே ரயிலில் மூன்று நிமிடம்தான், கட்டணம் 2 வெள்ளி. ஆனால் ரயிலுக்குக் காத்திருப்பது, பெட்டி எடுப்பது, மறுபடி செக்-இன் செய்வது என்று எல்லாம் சேர்த்து, தனிச் சீட்டுக்கு நான்கு மணி நேரம் வைப்பது நல்லது. அனைத்துலக விமானங்களுக்குக் கவுண்டர் பொதுவாகப் புறப்பாட்டிற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடப்படும்.

கோலசிலாங்கூரிலிருந்து சிப்பாங் போவதையும் ஓர் இணைப்பாகவே எண்ண வேண்டும். லாத்தார் நெடுஞ்சாலை வழியாகப் போனாலும் காப்பார், கிள்ளான் வழியாகப் போனாலும் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். சபாக் பெர்ணமிலிருந்து என்றால் இன்னும் ஒரு மணி நேரம். வெள்ளிக்கிழமை மாலையில் இந்தக் கணக்கு செல்லாது. ஒரே சீட்டில் முதல் விமானத்தில் ஏறாவிட்டால், திரும்பி வரும் பயணம் உட்பட மீதி முழுவதும் ரத்தாகிவிடுவது வழக்கம்.

திரும்பும்போது இடைவெளியைக் கூடுதலாகவே வைக்க வேண்டும். மதுரை விமானம் தாமதமாகிக் கோலாலம்பூர் விமானம் தவறினால், அடுத்தது பெரும்பாலும் மறுநாள்தான். விசா முடியும் கடைசி நாளில் திரும்பப் பதிவு செய்தவருக்கு அது வேறு சிக்கலையும் கொண்டுவரும். இரண்டு மூன்று நாள் முன்னதாகவே திரும்புவது நல்லது.

தவறிவிட்டால்

மலேசிய விமானப் பயணிகள் பாதுகாப்பு விதித்தொகுப்பு 2016 முதல் நடப்பில் உள்ளது. அதன்படி விமானம் 2 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் உணவு தர வேண்டும். 5 மணி நேரத்தைத் தாண்டி, இரவு தங்க நேர்ந்தால் தங்குமிடமும் போக்குவரத்தும் தர வேண்டும். 2024 செப்டம்பர் 2 முதல், 5 மணி நேரத் தாமதத்திற்குப் பயணத்தைக் கைவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கவும் உரிமை உண்டு. முதலில் விமான நிறுவனத்திடம் எழுத்தில் புகார் செய்ய வேண்டும். பதில் திருப்தியில்லை என்றால் ஃபிளைஸ்மார்ட் தளத்தில் புகார் கொடுக்கலாம். மெவ்கோம் ஆணையம் கவனித்துவந்த இப்பணி 2025 ஆகஸ்ட் முதல் மலேசிய வான் போக்குவரத்து ஆணையத்தின் கீழ் உள்ளது. ஆனால் தாமதமான அந்த விமானத்திற்குத்தான் இந்த உரிமை. நீங்கள் தனியாக வாங்கிய அடுத்த சீட்டின் பணத்தை இது மீட்டுத் தராது.

தாமதம் என்று கோலாலம்பூரிலேயே தெரிந்துவிட்டால், விமானம் ஏறும் முன்பே இரண்டாவது நிறுவனத்தை அழைத்துச் சீட்டை மாற்றக் கேளுங்கள். கட்டணம் இருந்தாலும் மாற்ற முடியும். அந்த விமானம் புறப்பட்ட பிறகு அது வெறும் காகிதம். தாமதத்திற்கான சான்றை முதல் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பயணக் காப்புறுதி எடுத்திருந்தால் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

எல்லா விமானமும் போய்விட்டாலும் சென்னையிலேயே தங்கிவிட வேண்டும் என்பதில்லை. தென் மாவட்டப் பேருந்துகள் இப்போது கோயம்பேட்டிலிருந்து புறப்படுவதில்லை. விமான நிலையத்திற்குத் தெற்கே, தாம்பரம் தாண்டியுள்ள கிளாம்பாக்கம் பேருந்து முனையத்திலிருந்துதான் கிளம்புகின்றன. டாக்சி பிடிக்கும்போது இதைச் சொல்லி ஏற வேண்டும். பழைய நினைப்பில் கோயம்பேடு என்றால் எதிர்த் திசையில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். மதுரை சுமார் 450 கிலோமீட்டர். இரவுப் பேருந்தில் ஏறினால் விடியும்போது ஊரில் இருக்கலாம்.