நகரம் கட்டியவர்களின் வீடு

நான் மங்கலம்பேட்டைக்காரன், கொத்தனார். விருத்தாசலத்தில் ரயிலேறிச் சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போனவர்களில் ஒருவன். நாங்கள் பூசி முடித்த வீடுகளில் வாடகைக்குக்கூட எங்களால் குடிபோக முடிந்ததில்லை. கூவம் கரைக் குடிசைகளில்தான் எங்கள் ஆட்கள் பலர் ஒண்டினார்கள்.

1970-ல் கலைஞர் ஆட்சி குடிசை மாற்று வாரியத்தை அமைத்தது. மறு வருடம் அதற்கான சட்டம் வந்தது. குடிசை இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்பு என்பதே அன்றைய நோக்கம். வீடு சிறியதுதான். ஆனால் மீன் விற்கும் அம்மா சந்தைக்கு நடந்தே போனார், பிள்ளைகள் படித்த பள்ளியிலேயே தொடர்ந்தார்கள். அதைவிடப் பெரிய வசதி ஏழைக்கு என்ன இருக்கிறது?

1977 முதல் உலக வங்கிக் கடனில் இன்னொரு வழி திறந்தது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் மனை, தண்ணீர், கழிவறை வசதியை அரசு தந்தது. சுவரை மக்களே கையில் காசு சேரச் சேர எழுப்பிக்கொண்டார்கள். நல்ல திட்டம். நகருக்குள் அதைத் தொடரவில்லை.

அதற்குப் பதிலாக, 2000-ல் ஊருக்கு வெளியே கண்ணகி நகர் மறுகுடியமர்வுக் குடியிருப்பு வந்தது, பிறகு பெரும்பாக்கம். 2015 வெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரைக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் நகரின் விளிம்புக்கு அனுப்பப்பட்டன. வீட்டு வேலை செய்த பெண்களுக்குப் பிழைப்பு போனது. இதில் இரண்டு கட்சி ஆட்சிகளுக்கும் பங்குண்டு.

2021 டிசம்பரில் திருவொற்றியூர் வாரியக் குடியிருப்பில் 24 வீடுகள் இடிந்து விழுந்தன. கட்டி முப்பது வருடம்கூட ஆகவில்லை. ஒழுங்காகக் கட்டிப் பராமரித்த கட்டடம் அந்த வயதில் விழாது.

ஆள்பவர்களே, எங்களை ஊருக்கு வெளியே அனுப்பாதீர்கள். இருந்த இடத்திலேயே, உறுதியாகக் கட்டிக் கொடுங்கள்.