பின் ஸ்பிராக்கெட்டில் மூன்று பல் கூடுதல்: எல்லைப்புற மோட்டார்சைக்கிள் குறித்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

களப்பணிக்காகச் சென்ற ஆண்டு பொள்ளாச்சியில் ஒரு பழைய ஹீரோ இம்பல்ஸ் வாங்கினேன். எருத்தேன்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை ஆகிய பாலக்காட்டு ஊராட்சிகளிலும், அங்கிருந்து இடுக்கியின் மறையூர்ப் பக்கத்திலும் அலைய வேண்டிய ஆய்வு என்னுடையது. பேருந்து நின்றுவிடும் இடத்தில்தான் என் தகவலாளர்களின் வீடுகள் தொடங்குகின்றன. வாங்கிய வண்டியை எருத்தேன்பதியில் ஒரு பட்டறையில் கழற்றிப் பார்த்தபோது, பின் ஸ்பிராக்கெட்டில் நிறுவனம் வைத்ததைவிட மூன்று பல் கூடுதலாக இருப்பதைப் பட்டறைக்காரர் எண்ணிக் காட்டினார். பின்புறச் சட்டத்தில் இரண்டு வெல்டிங் தழும்புகள், கேரியர் பொருத்தி எடுத்த துளைகள். யாரோ பல்லாண்டு பாரம் ஏற்றிய வண்டி என்றார் அவர். ஆர்.சி. புத்தகத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. விற்றவர் பெயரும் அதில் இல்லை. அவருக்கு முந்தைய ஒருவரின் பெயரே இருந்தது. இக்குறிப்பு அந்த இடைவெளியைப் பற்றியது.

சாலையிலும் மண்தடத்திலும் ஒருசேர ஓடும் இலகுரக மோட்டார்சைக்கிளை உலகச் சந்தை ‘டூயல் ஸ்போர்ட்’ என்கிறது. இவ்வகையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1968இல் யமஹா வெளியிட்ட டிடி-1 என்னும் 250 சிசி வண்டியிலிருந்து தொடங்குவர். இந்தியாவுக்கு வரும்போது கதை நேராக 2011க்குத் தாவிவிடும். அவ்வாண்டில்தான் ஹோண்டாவின் பிரேசில் மாடலொன்றைத் தழுவி ஹீரோ நிறுவனம் 150 சிசி இம்பல்ஸை இறக்கியது. விற்பனை சூடுபிடிக்கவில்லை, வண்டி சில ஆண்டுகளில் நிறுத்தப்பட்டது. 2019இல் எக்ஸ்பல்ஸ் 200 வந்தது. இந்தக் கணக்குப்படி இந்தியர் மண்தடத்தில் மோட்டார்சைக்கிள் ஓட்டத் தொடங்கியதே 2011இல்தான்!

இது உற்பத்தியின் வரலாறு. பயன்பாட்டின் வரலாறு அன்று. தொழில்நுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் வரிசையாக எழுதாமல் பயன்பாட்டின் வழியாக எழுத வேண்டும் என்று டேவிட் எட்ஜர்டன் 2006இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். டேவிட் ஆர்னால்டு 2013இல் இந்தியாவின் அன்றாடத் தொழில்நுட்பம் பற்றி எழுதியபோது மிதிவண்டி, தையல் இயந்திரம், தட்டச்சுப்பொறி, அரிசி ஆலை ஆகியவற்றைக் கையில் எடுத்தார். அந்த வரிசையில் அடுத்து வந்திருக்க வேண்டியது பழைய மோட்டார்சைக்கிள் என்பது என் கருத்து. புதியது அன்று, பழையது. நம் ஊர்களில் இயந்திர அறிவு பரவியதில் ஷோரூமைவிட இரண்டாம் கை வண்டிக்கே பங்கு அதிகம்.

இதற்கான மூலக்கதை நம் பக்கத்திலேயே இருக்கிறது. கோவையை அடுத்த கலங்கலில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு இளமையில் ஆங்கிலேய வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார்சைக்கிளைக் கண்டு மயங்கினார். கோவை உணவகமொன்றில் பரிமாறுபவராக வேலை செய்து பணம் சேர்த்தார். 300 ரூபாய் கொடுத்து அதே வண்டியை வாங்கினார். வாங்கியதும் அக்கக்காகப் பிரித்து மீண்டும் பூட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவர் ஓட்டிய பேருந்திலிருந்துதான் மற்றவையெல்லாம் தொடங்கின. இக்கதையை மேதைமையின் கதையாகவே பள்ளிகளில் சொல்லக் கேட்டிருக்கிறோம். நான் அதை வேறு விதமாக வாசிக்கிறேன். அந்த வண்டி ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது. அதனால்தான் ஒரு பரிமாறுபவரின் சேமிப்புக்கு எட்டியது. பிரித்தால் விற்றவர் கேட்க மாட்டார். அதனால்தான் அது பாடநூலாயிற்று. கொங்கு நாட்டுத் தொழிலறிவின் தொடக்கக் காட்சியாகப் போற்றப்படுவது ஓர் ஐரோப்பிய இயந்திரத்தின் இரண்டாம் விற்பனை என்பதைக் கவனிக்க வேண்டும்.

விடுதலைக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியதால் டிடி-1 போன்ற வண்டிகளைச் சாதாரணர் வாங்க வழியில்லை. இருந்தவை சில: சென்னையில் 1955இல் நிறுவப்பட்ட என்ஃபீல்டு இந்தியாவின் புல்லட், மைசூரின் ஜாவா (பின்னர் எஸ்டி), போலந்து மாதிரியில் எஸ்கார்ட்ஸ் செய்த ராஜ்தூத் 175, 1980இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50. அதன்பின் 1980களின் நடுவில் ஜப்பானியக் கூட்டுத் தயாரிப்புகள் வந்தன. 1985இல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 அவற்றில் முதன்மையானது. இவற்றில் எதுவும் மண்தட வண்டியாக விற்கப்படவில்லை. ஆயினும் இலகுரகம் என்ற தகுதி சிலவற்றுக்கு இருந்தது. ஆர்.எக்ஸ். 100 ஏறத்தாழ நூறு கிலோ. எக்ஸ்பல்ஸ் முதலில் வந்தபோது 154 கிலோ. 2016இன் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 182 கிலோ. சேற்றில் சாய்ந்த வண்டியை ஒற்றையாளாகத் தூக்கியவருக்கு இந்த எண்களின் பொருள் உடனே விளங்கும்.

எருத்தேன்பதிக்கு வருவோம். சித்தூர் தாலுகாவின் கிழக்கு விளிம்பு மழைமறைவுப் பூமி. கேரளம் என்றதும் மனத்தில் தோன்றும் பசுமைக்கும் இதற்கும் தொடர்பில்லை. தென்னை, ஆழ்துளைக் கிணறு, மூலத்தறை வலதுகரைக் கால்வாய் நீருக்கான நீண்ட காத்திருப்பு, மாடு, பால், கள். பிற மாவட்டக் கள்ளுக்கடைகளுக்குக் கள் போவதே இத்தாலுகாவின் தோப்புகளிலிருந்துதான். அதிகாலையில் பால் சொசைட்டிக்குச் சேர வேண்டும்; கள் புளிக்குமுன் வண்டியேற வேண்டும். தோப்புக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே கிடப்பது கரிசல். கேரளத்தில் கரிசல் மண் உள்ள பகுதி மிகச் சிறியது, அது இங்கே இருக்கிறது.

கரிசலை அறிந்தால் வண்டி மாற்றங்களின் தர்க்கம் தெளிவாகும். ஈரக் கரிசல் டயரோடு சுழன்று மட்கார்டுக்குள் அடைத்துக்கொள்ளும். பத்தடி போவதற்குள் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஆகவே முதல் மாற்றம் முன் மட்கார்டை உயர்த்துவது, அல்லது கழற்றி எறிவது. அடுத்தது பட்டன் டயர். மூன்றாவது ஸ்பிராக்கெட். முன்பல் 14, பின்பல் 42 என்றால் விகிதம் 3. முன்பல்லை 13 ஆக்கினால் அது 3.23, உச்ச வேகத்தை விட்டுக்கொடுத்து இழுவையில் ஏறக்குறைய எட்டு விழுக்காடு கூடுதல் கிடைக்கிறது. இரண்டு கேன் பாலோடு முதல் கியரில் வரப்பு ஏற அது போதும். சைலன்சரை உயர்த்தி மடக்குதல், ஹேண்டில்பாரில் குறுக்குக் கம்பி, பின் ஷாக் அப்சார்பருக்குத் தடித்த ஸ்பிரிங், இருக்கையைப் பாதியாக்கிக் கேரியர் என்று பட்டியல் நீளும். இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினில் வால்வு இல்லை. ஹெட்டை லேத்தில் சீவுவதும் போர்ட்டை அரத்தால் திறப்பதும் உள்ளூர்ப் பட்டறையின் கைக்கு அடங்கிய வேலைகள். பழைய உதிரிக்கு உக்கடம் இருந்தது. ‘மாடிஃபிகேஷன்’ என்றதும் இன்று நாம் காண்பது யூடியூப் இளைஞரின் வண்டியை. அதற்கு வெகுமுன்னரே பால்காரரின் வண்டி அந்த வேலையைச் செய்து முடித்திருந்தது.

இடுக்கியின் தமிழ் எல்லையில் நிலைமை வேறு. தேயிலைத் தோட்டப் பாதைகளில் ஜீப்பின் ஆட்சி வலுவானது. அங்கு மோட்டார்சைக்கிள் துணைவாகனம்தான். அது தனிக் கட்டுரைக்குரியது.

பழைய வண்டி எங்கிருந்து வருகிறது? எருத்தேன்பதிக்குப் பொள்ளாச்சிச் சந்தை அருகில்; திருச்சூர் தொலைவு. கொச்சி அரசின் துண்டாக இருந்த சித்தூர் 1956இல் கேரளத்துக்குள் வந்தது. கொள்வதும் கொடுப்பதும் கிழக்கு நோக்கியே நீடித்தன. வண்டியும் கிழக்கிலிருந்து வந்தது, டிஎன் 41 என்ற எண்ணோடு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி, வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்குப் புதிய எண் வாங்க வேண்டும். அதற்குத் தடையின்மைச் சான்று, புதிய மாநிலத்தின் வரி, சித்தூர் அலுவலகத்தின் கேஎல் 70. பத்தாயிரம் ரூபாய் வண்டிக்கு இவ்வளவும் செய்வது கட்டுப்படியாகாது. ஆகவே கையொப்பமிட்ட வெற்றுப் படிவங்கள் 29, 30 வண்டியோடு சேர்ந்தே கைமாறுகின்றன. ஆவணத்தில் ஒருவர், இருக்கையில் இன்னொருவர். விபத்து நேர்ந்தால் காப்பீடும் பொறுப்பும் எவர் தலையில் விழும் என்பது வாங்கும் நாளில் யாருக்கும் தோன்றுவதில்லை. இதை நான் நியாயப்படுத்தவில்லை. என் வண்டிக்கு உரிமை மாற்றம் முடிய எத்தனை முறை எல்லை தாண்டினேன் என்பதைத் துறையில் உடனிருந்தோர் அறிவர்.

மாற்றங்களைச் சட்டம் எவ்வாறு பார்த்தது என்பதில் கூர்மையான திருப்பமொன்று உண்டு. 1939ஆம் ஆண்டுச் சட்டம் வண்டியை மாற்றினால் பதினான்கு நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கச் சொன்னது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு முதலில் முன்னறிவிப்பும் ஒப்புதலும் கேட்டது. இரண்டிலும் அளவுகோல் ஒன்றே: பதிவுச் சான்றில் உள்ள விவரம் உண்மைக்கு மாறாக ஆகிவிடக் கூடாது. 2000ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த அளவுகோலையே மாற்றியது. இனி விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடக் கூடாது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இத்திருத்தத்தின் பொருளை உறுதிசெய்து உயர் நீதிமன்றத் தீர்ப்பை நீக்கியது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம் 182அ பிரிவின்கீழ், அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க வழிசெய்தது.

இச்சொல்மாற்றத்தைச் சிறியதாக எண்ண இயலாது. முன்பு வண்டியின் வடிவம் உரிமையாளருக்கும் அரசு அலுவலகத்துக்கும் இடையிலான விவகாரம். அலுவலகம் மாற்றத்தைப் பதிந்துகொள்ளும். இப்போது மூன்றாமவரான உற்பத்தியாளரின் வரைபடமே நிலையான சான்று. அதன் விளைவை எக்ஸ்பல்ஸ் வரிசையிலேயே காணலாம். 2023இன் புரோ பதிப்பில் முன் சஸ்பென்ஷன் பயணம் 190 மில்லிமீட்டரிலிருந்து 250 ஆகவும், தரை இடைவெளி 220இலிருந்து 270 ஆகவும் உயர்ந்தன. தொழிற்சாலை உயர்த்தினால் அது புதிய பதிப்பு. பட்டறையில் ஒருவர் அதையே செய்தால் 52ஆம் பிரிவு.

பாதுகாப்பு வாதத்தை நான் ஒதுக்கவில்லை. சட்டத்தில் போட்ட வெல்டிங் விட்டுப்போனதையும், உயர்த்திய சைலன்சரில் பின்னிருப்பவரின் கெண்டைக்கால் வெந்ததையும் களத்தில் பார்த்திருக்கிறேன். தொழிற்சாலை சோதித்து விற்கிறது. பட்டறை ஓட்டிப் பார்த்து அறிகிறது. இரண்டும் ஒன்றல்ல. என் மனக்குறை வேறிடத்தில் இருக்கிறது. மாற்றத்தைச் சோதித்துப் பதியும் வாயில் இருந்தவரை பால்காரரின் வண்டி அரசின் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த வாயில் குறுகியபின் மாற்றம் நின்றுவிடவில்லை, பதிவு நின்றுவிட்டது. வரலாற்று மாணவனுக்கு இதனால் நேரும் இழப்பு நேரடியானது. பழைய ஆர்.சி. புத்தகத்தில் மாற்றங்களை எழுதப் பக்கங்கள் இருந்தன, இன்றைய அட்டையில் அவை இல்லை. மாற்றப்பட்ட வண்டிகளோ சோதனைக்கு அஞ்சி மீண்டும் பழைய உருவுக்கு மாற்றப்படுகின்றன, அல்லது எடைக்குப் போகின்றன. ஆவணமும் பொருளும் ஒருசேரக் கரைகின்றன.

எனவே ஒரு வேண்டுகோள். சித்தூர், பொள்ளாச்சி, உடுமலை, தேனி, தேவிகுளம் பகுதி நண்பர்கள் வீட்டில் 2000க்கு முந்தைய ஆர்.சி. புத்தகம், மாற்றக் குறிப்புடன், இருக்குமானால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள்; பெயரையும் எண்ணையும் மறைத்துவிடலாம். வண்டியே இருக்குமானால் பின் ஸ்பிராக்கெட்டின் பற்களை எண்ணிச் சொல்லுங்கள். என் இம்பல்ஸின் மூன்று கூடுதல் பற்களை நான் மாற்றவில்லை. கரிசலில் அவை எனக்கும் தேவைப்படுகின்றன.