சுத்தாத ஃபேனுக்கும் ஒரு வரலாறு உண்டு

ராஸ்பெர்ரி பை பொட்டியில பழைய வீடியோ கேம் ஆடுற நம்ம மக்கள் அடிக்கடி புலம்புற விஷயம் ஒண்ணு: "ஃபேன் வாங்கி மாட்டினேன், சுத்தவே மாட்டேங்குது!" அடுத்த வரியிலேயே, "டுபாக்கூர் ஃபேனைத் தலையில கட்டிட்டான்." கடைக்காரரைத் திட்டுறதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு பார்த்துடுவோம். ஃபேன் நின்னா என்ன அர்த்தம்ங்கிறதே காலத்துக்குக் காலம் மாறியிருக்கு. அது தெரிஞ்சாத்தான் கோளாறு எங்கேன்னு பிடிக்க முடியும்.

வீட்டு கேம் மெஷின்களில் ஆரம்பத்தில் ஃபேனே கிடையாது. 1983-ல் ஜப்பானில் வந்த நின்டெண்டோ ஃபேமிகாம், 1994-ல் வந்த சோனி பிளேஸ்டேஷன் ரெண்டிலும் சூடு தானா வெளியே போகணும், அவ்வளவுதான். ஆரம்பகால பிளேஸ்டேஷனில் சிடி சரியா ஓடலைன்னு மெஷினையே தலைகீழாக் கவுத்து வெச்சு ஆடினவங்க உண்டு. சிப்புகள் வேகமாக வேகமாக அந்தக் கதை மாறுச்சு. 1998-ல் வந்த சேகா ட்ரீம்காஸ்ட், 2000-ல் வந்த பிளேஸ்டேஷன் 2 ரெண்டிலும் உள்ளேயே ஃபேன் வந்துடுச்சு. அந்தக் காலத்துச் சட்டம் ரொம்ப எளிமை. மெஷின் ஓடினா ஃபேனும் ஓடணும். ஃபேன் நின்னா கோளாறு.

ஃபேன் ஓடினா மட்டும் போதாதுன்னு உலகத்துக்கே காட்டினது 2005-ல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360. முன்பக்கம் மூணு சிவப்பு விளக்கு எரிஞ்சா ஆட்டம் க்ளோஸ். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, சிப்போட இணைப்புகள் விட்டுப் போனதுதான் அதில் முக்கியமான காரணம். 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் வாரண்டியை மூணு வருஷமா நீட்டி, அதுக்காக 100 கோடி டாலருக்கு மேல ஒதுக்க வேண்டியதாச்சு.

சரி, நம்ம பொட்டிக்கு வருவோம். முதல் ராஸ்பெர்ரி பை விற்பனைக்கு வந்தது 2012 பிப்ரவரி 29. 700 மெகாஹெர்ட்ஸ், ஒத்தை கோர். அதுக்கு ஃபேன் வேணும்னு யாரும் நினைக்கலை. அதே வருஷம் ரெட்ரோபை மென்பொருள் வந்து, அந்த அட்டையை கேம் மெஷினா மாத்துச்சு. 2016-ல் பை 3 வந்தப்போ நாலு கோர், 1.2 கிகாஹெர்ட்ஸ். 2018-ல் வந்த 3பி பிளஸ், 60 டிகிரியைத் தொட்டாலே 1.4-லிருந்து 1.2 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கிக்கும். 80 டிகிரி தாண்டினா எந்த பையா இருந்தாலும் தன் வேகத்தைக் குறைச்சுக்க ஆரம்பிக்கும். சத்தமில்லாம நடக்கிற வேலை இது. கேம் திக்கும், பாட்டு இழுக்கும், நாம எமுலேட்டரைத் திட்டிக்கிட்டு இருப்போம்.

2019-ல் வந்த பை 4 இன்னும் சூடு. 2020 கடைசியில் அதோட பெட்டிக்குன்னே ஒரு ஃபேனை ராஸ்பெர்ரி பைக்காரங்களே விட்டாங்க. அதில் மூணு வயர்: 5 வோல்ட், கிரவுண்ட், மூணாவது ஜி.பி.ஐ.ஓ. 14-க்குப் போற கட்டுப்பாட்டு வயர். "எத்தனை டிகிரியில் சுத்தணும்" என்கிற உத்தரவு மெமரி கார்டில் இருக்கிற அமைப்பில் உட்கார்ந்திருக்கு. புது கேம் தொகுப்பு போட்ட வேற கார்டைச் சொருகினா, அந்த உத்தரவு கூட வராது. நேத்து சுத்தின ஃபேன் இன்னிக்கு நின்னா, முதல்ல கேட்க வேண்டிய கேள்வி "கார்டை மாத்தினியா?" என்பதுதான். இன்னொண்ணு, அதே 14-ஆம் முனைதான் சீரியல் இணைப்புக்கும். அதை இயக்கி வெச்சிருந்தா ரெண்டும் முட்டிக்கும்.

2023-ல் வந்த பை 5-ல் ஃபேனுக்குன்னே நாலு முனை சாக்கெட் போட்டுட்டாங்க. இங்கேதான் பழைய சட்டம் தலைகீழாச்சு. 50 டிகிரிக்குக் கீழே ஃபேன் சுத்தாது. 50-ல் 30 சதவீத வேகம், 60-ல் 50, 67.5-ல் 70, 75-ல் முழு வேகம். சுவிட்ச் போட்டதும் ஒரு தடவை சுத்த விட்டு, வேகம் சொல்ற வயர் வழியா ஃபேன் இருக்கான்னு அட்டையே பார்த்துக்கும். ஆக, ஆரம்பத்தில் ஒரு சுத்து சுத்தி நிக்கிற ஃபேன் ஆரோக்கியமான ஃபேன்! வெப்பநிலை 45-ல் இருக்கும்போது அதைக் கழட்டித் திருப்பி அனுப்பினா நஷ்டம் நமக்குத்தான்.

70 டிகிரியிலும் சுத்தலைன்னா? அப்போ நிஜமான தேடல். நம்ம வீட்டு சீலிங் ஃபேன் கிளம்பலைன்னா குச்சியால தள்ளிப் பார்ப்போம். தள்ளினதும் சுத்தினா கண்டன்சர் போச்சுன்னு அர்த்தம். இந்தக் குட்டி ஃபேனுக்கும் அந்த வித்தை உதவும், ஆனா அர்த்தம் வேற. இதில் கண்டன்சர் கிடையாது. காந்தம் எந்தப் பக்கம் நிக்குதுன்னு பார்த்து காயிலை மாத்தி மாத்தி இயக்குற ஒரு சென்சர் இருக்கு. தள்ளினதும் சுத்தினா, கிளம்புற அளவுக்கு வோல்டேஜ் பத்தலை, இல்லை பேரிங்கில் தூசி. ரெண்டு வயர் ஃபேனை 3.3 வோல்ட் முனையில் மாட்டினவங்க 5 வோல்ட்டுக்கு மாத்திப் பார்க்கலாம். வயரை மாத்திச் சொருகினா பொம்மை கார் மோட்டார் எதிர்ப்பக்கம் சுத்தும், இது அசையவே அசையாது. கடைசியா, இறக்கையில் ஏதாவது வயர் இடிக்குதான்னு ஒரு பார்வை.

2000-ல் நின்ன ஃபேன்னா செத்த ஃபேன். இன்னிக்கு நின்ன ஃபேன் தூங்கிக்கிட்டும் இருக்கலாம். எதுன்னு சொல்றது இறக்கை இல்லை, வெப்பநிலை. அதனால ஸ்க்ரூ டிரைவரை எடுக்கிறதுக்கு முன்னாடி, கனமான கேம் ஒண்ணை அரை மணி நேரம் ஓட விட்டு டிகிரியைப் பாருங்க மக்களே. ஆடின மாதிரியும் ஆச்சு, சோதிச்ச மாதிரியும் ஆச்சு :-)